ஆயிரம் அடிக்க முதல்: சிறு வாசகர் வட்டத்துக்கு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் முதல் நூலைக் கொண்டுவருபவர்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது பற்றியோ அட்டைப்படம் பற்றியோ இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பிழைகளை அடுத்த நூலில் திருத்திவிடலாம். அடுத்த நூலே வராமல் செய்துவிடும் தவறு வேறொன்று இருக்கிறது.

வெளியீட்டு விழாக் கூட்டத்தை வாசகர் என்று எண்ணி ஆயிரம் பிரதி அடிப்பது

அச்சகத்தில் விலை கேட்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. ஓப்செற் அச்சில் பக்க அமைப்பு, அச்சுத் தட்டு, இயந்திரத்தை ஆயத்தப்படுத்துவது எல்லாம் 300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒரே செலவுதான். கூடுவது தாளும் கட்டுவேலையும். ஒரு கணக்குக்கு, மாறாத செலவு 60,000 ரூபா, பிரதிக்கு மேலதிகமாக 200 ரூபா என்று வையுங்கள். 300 பிரதிக்கு 120,000. ஒன்று 400 ரூபா. 1000 பிரதிக்கு 260,000. ஒன்று 260 ரூபா. பிரதிக்கு 140 ரூபா மிச்சம் என்று ஆயிரத்துக்குச் சம்மதித்துவிடுகிறார்கள். விற்றது 180 பிரதி என்றால், முன்னதில் விற்ற ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 667 ரூபா செலவாகியிருக்கும், பின்னதில் 1,444. மிகுதி 820 பிரதியும் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் தாள் நெளியும். சுவரோடு அடுக்கினால் கறையான் ஏறும்.

விழா நாளின் வரவு இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது. முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், பிறகு வரிசையாக வந்து உறையில் பணம் வைத்துப் பிரதி பெறுவோர். நல்ல வழக்கம் அது. அச்சுச் செலவில் பெரும்பங்கை அந்த ஒரு மாலை மீட்டுத் தருவதும் உண்டு. ஆனால் அது கலியாண வீட்டில் கொடுக்கும் உறையைப் போன்றது. உறவுக்கும் நட்புக்கும் கொடுக்கிறார்கள். வாசிக்க வேண்டும் என்ற கடமை அவர்களுக்கு இல்லை.

ஆறு மாதம் கழித்து எழுதியவர் அந்த 820 பிரதியைப் பார்த்துத் தான் தோற்றுவிட்டதாக முடிவெடுக்கிறார். நூலை முழுதாக வாசித்த நாற்பது பேர் அந்த அடுக்குக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள். காசு போனதைவிட இதுதான் எரிச்சல் தருகிறது: நாற்பது நல்ல வாசகரைப் பெற்ற ஒருவர், அவர்களைக் காணாமலே எழுத்தை விடுகிறார்.

ஆகவே அச்சகத்துக்குப் போக முதல் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதுங்கள். ‘வாசிப்பார்’, ‘வாங்குவார்’ என்று இரண்டு நிரல். முதல் நிரலில் 90 பெயர், இரண்டாவதில் 80, புத்தகக் கடைக்கு 30, நூலகங்களுக்கும் விமர்சகர்களுக்கும் 25 என்றால் கூட்டுத்தொகை 225. 250 அடியுங்கள். இருநூறுக்குக் கீழே நின்றால் டிஜிற்றல் அச்சின் விலையையும் கேளுங்கள். அதில் தட்டுச் செலவு இல்லை. 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’ இலக்கிய இதழைத் தொடங்கிய எழுத்தாளர் டொமினிக் ஜீவா அதைத் தானே சுமந்து சென்று விற்றவர். கையில் கொடுத்து விற்பவருக்கு வாசகரின் முகம் தெரியும்.

வெற்றி எது என்று பிறகு யோசிப்பது

அதே கொப்பியின் முதற்பக்கத்தில் மூன்று வரி எழுதித் திகதியும் போடுங்கள். உதாரணமாக: அடுத்த தைக்குள் 40 பேர் முழுதாக வாசிக்க வேண்டும், அவர்களில் ஐந்து பேராவது ஏதாவது ஒரு கதையில் என்னோடு முரண்பட வேண்டும், அடுத்த நூலின் அச்சுச் செலவில் பாதி கைக்கு வர வேண்டும். ‘நல்ல வரவேற்பு’ என்று எழுதாதீர்கள், அதை அளக்க முடியாது. விழா முடிந்து இரண்டு மாதத்தில் பன்னிரண்டு பேரை விறாந்தையில் இருத்தி, நூலைப் பற்றி மட்டும் கதையுங்கள். மேடையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

சென்னை வாசகருக்காகப் பேச்சை மாற்றுவது

‘பெடியன்’ பெடியனாகவே இருக்கட்டும், ‘பையன்’ ஆக வேண்டாம்.

முகநூல் விருப்பக்குறிகளை எண்ணுவது

எண்ணாதீர்கள்.

அச்சுக் கோப்பை அச்சகத்திலேயே விட்டுவிடுவது

குறைவாக அடிப்பவருக்கு மறுபதிப்புத்தான் பலம். இறுதி பிடிஎப்பையும் பக்க அமைப்புக் கோப்பையும் பணம் கட்டும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யுனிகோட்டுக்கு மாற்றிய பிரதி ஒன்றையும் வைத்திருங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஒருமுறை வாசித்துத் திருத்த வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கு அனுமதிக் கடிதமும் கொடுத்துவிடுங்கள். பிரதி தீர்ந்த பிறகு தேடி வரும் வாசகருக்கு நூல் அங்கே கிடைக்கும்.