நாகர்கோவில்ல இருந்து கொச்சிக்கு ஜோடியா ஒரு நாள் டிரிப்: ஃபர்ஸ்ட் டைம் போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

ஓணம் லீவு, பூஜா லீவுன்னு வந்தா நம்ம மாவட்டத்துல பாதி பேரு திருவனந்தபுரத்துல ஏதாவது மாலுக்கு போயி ஏசில நடந்துட்டு வந்துருவாங்க. அதுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் ரயில்ல இருந்தீங்கன்னா கொச்சி, நிஜமான துறைமுகம், கப்பல், கிரேன், போட்டு எல்லாம் பாக்கலாம். நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு தடவ போயிருக்கோம், முதல் தடவ போயி ஏமாந்தோம், ரெண்டாவது தடவதான் உருப்படியா சுத்தினோம், அதனால ரெண்டையும் சேத்து சொல்லுதேன்.

ஸ்டெப் 1: கிழமைய முதல்ல பாருங்க

இது தெரியாமதான் முதல் தடவ வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை லீவு. பக்கத்துல இருக்க யூத தேவாலயம் சனிக்கிழமை லீவு, அவங்களுக்கு அது ஓய்வு நாள், வெள்ளிக்கிழமை மத்தியானமே மூடிருவாங்க. நாங்க அரண்மனை கேட்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு அங்க போறதுக்குள்ள அதுவும் மூடியாச்சு. நம்ம பத்மநாபபுரம் அரண்மனை திங்கக்கிழமை லீவுன்னு சின்ன பிள்ளைக்கும் தெரியும், ஆனா வெளியூர் போறப்ப மட்டும் நமக்கு அது தோணாது பாத்தீங்களா. ஞாயித்துக்கிழமை காலைல ஃபோர்ட் கொச்சி செயின்ட் பிரான்சிஸ் சர்ச்ல ஆராதனை நடக்கும், சுத்தி பாக்க விட மாட்டாங்க. அதனால திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள ஒரு நாள் லீவு போடுங்க, அதாக்கும் நல்லது.

ஸ்டெப் 2: ரயில்

நைட்டு நாகர்கோவில் வழியா போற குருவாயூர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியக்காலைல எறணாகுளம். டைம் அப்பப்ப மாத்துவாங்க, ஆப்ல ஒரு தடவ பாத்துக்கோங்க. ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடியே ஓப்பன் ஆகும், லீவு சீசன்ல அன்னைக்கே போட்டாதான் உண்டு.

புதுசா போறவங்க கவனிக்க வேண்டியது, எறணாகுளத்துல ரெண்டு ஸ்டேஷன். ஜங்ஷன்னா சவுத்து, டவுன்னா நார்த்து. சில ரயிலு ஒண்ணுல நிக்கும், சிலது இன்னொண்ணுல. டிக்கெட்டுல என்ன போட்டிருக்குன்னு பாத்து இறங்குங்க, திரும்பி வரப்பவும் அப்படியே.

ஸ்டெப் 3: பேக்க இறக்கி வைக்கிறது

வெயிட்டிங் ரூம்ல குளிச்சு ரெடி ஆயிட்டு பேக்க க்ளோக் ரூம்ல போட்டுருங்க. பூட்டு இல்லாத பேக்க வாங்க மாட்டாங்க, ரயில் டிக்கெட்டும் கேப்பாங்க. சின்ன பூட்டு ஒண்ணு வீட்டுல இருந்தே எடுத்துட்டு போங்க, காலங்காத்தால எந்த கடையும் திறந்திருக்காது.

ஸ்டெப் 4: தண்ணி வழியாதான் போகணும்

ஆட்டோக்காரர் நேரா ஃபோர்ட் கொச்சிக்கே கொண்டு விடுறேன்னு சொல்லுவார், பாலம் வழியா சுத்தி போறது. வேண்டாம். ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ ஸ்டேஷன்னு மட்டும் சொல்லுங்க. (மலையாளத்துல பேசினா உடனே "திருவனந்தபுரமா?"ன்னு கேப்பாங்க, நாகர்கோவில்னு சொன்னா "ஓ, அது பழைய நம்ம ஊரு"ம்பாங்க. 1956-ல பிரிஞ்சாச்சு, அவங்க இன்னும் விடல.)

வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, ஃபோர்ட் கொச்சி ரூட்டு அடுத்த வருஷம் வந்துச்சு. பேட்டரில ஓடுற ஏசி போட்டு, கட்டினது அங்கயே இருக்க கொச்சி கப்பல் கட்டும் தளம், ஐஎன்எஸ் விக்ராந்த் கட்டினாங்களே அவங்கதான். நாங்க போனப்ப ஆளுக்கு 40 ரூபா. அவ்வளவு செலவு பண்ண வேண்டாம்னு நினைச்சா மெயின் போட் ஜெட்டில கவர்மென்ட் போட்டு இருக்கு, டிக்கெட் சில்லறை காசுதான், காத்தோட போலாம், எஞ்சின் சத்தம் ஃப்ரீ. போறப்ப ஒண்ணு வரப்ப ஒண்ணுன்னு வச்சுக்கோங்க.

நம்ம கன்னியாகுமரில பாறைக்கு போற போட்டுல ஏறுறது எப்படின்னு தெரியும்ல, போட்டு ஏறும் இறங்கும், ஒருத்தர் கைய புடிச்சு இழுப்பார், நாம கண்ண மூடிட்டு காலை வைப்போம். இங்க அது கிடையாது. ஜெட்டியே தண்ணில மிதக்குது, ஏத்தம் வந்தா அதுவும் ஏறும், வத்தம் வந்தா அதுவும் இறங்கும், அதனால போட்டு தரையும் ஜெட்டி தரையும் எப்பவும் ஒரே மட்டம். வீல்சேர்ல ஒரு பாட்டிய அப்படியே தள்ளிட்டு போனாங்க. எங்க மாமியார இங்க ஒரு தடவ கூட்டிட்டு வரணும்னு அப்பதான் தோணுச்சு.

சன்னல் சீட்டு புடிங்க. வலது பக்கம் வல்லார்பாடம், கன்டெய்னர் டெர்மினல் கிரேன் எல்லாம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிக்கும். இடது பக்கம் வில்லிங்டன் தீவு. அது கடவுள் போட்ட தீவு இல்ல, மனுஷன் போட்டது. 1920-கள்ல ராபர்ட் பிரிஸ்டோன்னு ஒரு வெள்ளக்கார இன்ஜினியர், துறைமுக வாயில அடைச்சுட்டு கிடந்த மணல்திட்ட தோண்டி பெரிய கப்பலுக்கு வழி பண்ணினார், கப்பல் போற வழிய ஆழப்படுத்தி தோண்டின மண்ண கொட்டிதான் அந்த தீவையே எழுப்பினாங்க.

ஸ்டெப் 5: சீன வலை

போட்டு இறங்கி கொஞ்சம் நடந்தா சீன வலை. போட்டோல பாக்கும்போது அழகா ஒரு வலை தொங்குது, அவ்வளவுதான்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் முட்டம் கடற்கரை ஊர்க்காரர், அவருக்கு வலைய பாத்தா சும்மா நிக்க முடியாது, கிட்ட போயி பலகை மேல ஏறிட்டார். பெரிய மரத்தூண், அதுல கம்பு கட்டி விரிச்ச வலை, இந்த பக்கம் கயித்துல வரிசையா பாறாங்கல்லு. வலை உள்ள இறங்கி ஒரு சில நிமிஷம்தான் இருக்கும், அப்புறம் நாலஞ்சு பேரு கயித்த புடிச்சு இழுக்காங்க, கல்லு ஒவ்வொண்ணா பலகைல வந்து உக்காருது, கல்லோட எடைதான் பாதி வேலைய செய்யுது.

"எட்டி, நம்ம ஊர்ல கரமடி வலைய கரைல நின்னு இழுக்க ஒரு தெருவே வரணும், இங்க கல்லு இழுக்குது பாரு"ன்னார். நானும் ஒரு கை புடிச்சேன். வலைல வந்தது நாலு பொடி மீனும் ஒரு நண்டும். இழுத்து முடிச்ச உடனே காசு கேப்பாங்க, அது வழக்கம், புடிக்கிறதுக்கு முன்னாடியே எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க. மீன் விலைய மட்டும் கேக்காதீங்க, இவரு கேட்டுட்டு "இந்த விலைக்கு எங்க ஊர்ல நெய்மீனே கிடைக்கும்"னு சண்டைக்கு நின்னார்.

ஸ்டெப் 6: செயின்ட் பிரான்சிஸ் சர்ச்

நடக்குற தூரம்தான். இந்தியால ஐரோப்பாக்காரங்க கட்டின முதல் சர்ச்சு, 1503-ல. வாஸ்கோடகாமா 1524-ல கொச்சில செத்தப்ப இங்கதான் புதைச்சாங்க, அப்புறம் 1539-ல எலும்ப போர்ச்சுகலுக்கு கொண்டு போயிட்டாங்க, இப்ப இருக்கது காலி கல்லறையோட கல்லு மட்டும். மேல துணி விசிறி தொங்கும் பாருங்க, அந்த காலத்துல கயித்த வெளில இருந்து ஒரு ஆளு இழுத்துட்டே இருக்கணுமாம், பாவம் அந்த ஆளு. போர்ச்சுகீஸ், டச்சு, இங்கிலீஷ்காரன்னு கை மாறி இப்ப சி.எஸ்.ஐ. சபை. நம்ம நாகர்கோவில் சி.எஸ்.ஐ. ஹோம் சர்ச் ஆளுங்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

ஸ்டெப் 7: மட்டாஞ்சேரி

ஆட்டோ புடிங்க. ரொம்ப கம்மியா "எல்லா இடமும் காட்டுதேன்"னு ஒருத்தர் சொன்னா வழில ரெண்டு மூணு கடைக்குள்ள கூட்டிட்டு போவார்னு அர்த்தம். நாங்க ஒரு கம்பளம் கடைல அரை மணி நேரம் உக்காந்து சாயா குடிச்சோம், வாங்கல.

டச்சு அரண்மனைன்னு பேரு, ஆனா கட்டினது போர்ச்சுகீஸ்காரன், கட்டி கொச்சி ராஜாவுக்கு குடுத்தான். டச்சுக்காரன் 1663-ல கொச்சிய புடிச்சப்புறம் ரிப்பேர் பாத்ததுக்கு பேரு அவனுக்கு. அதே டச்சுக்காரனத்தான் 1741-ல நம்ம குளச்சல்ல மார்த்தாண்ட வர்மா தோக்கடிச்சார், அதுல புடிபட்ட டச்சு தளபதி டிலனாய் கல்லறை நம்ம உதயகிரி கோட்டைல கிடக்கு. இத தெரிஞ்சுட்டு அங்க போனா சுத்துறதே வேற மாதிரி இருக்கும். படுக்கை அறைல ராமாயணம் சுவர் முழுக்க வரைஞ்சிருக்காங்க, பைய பாருங்க.

யூத தேவாலயம் 1568-ல கட்டினது. செருப்ப கழட்டிட்டு போகணும், தோளும் முட்டும் மூடின டிரஸ் போடுங்க. தரைல நீலக்கலர் சீன ஓடு, எல்லாம் கையால வரைஞ்சது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லன்னு சொல்லுவாங்க. நான் குனிஞ்சு ரெண்டு ஒரே மாதிரி தேடினேன், கிடைக்கல.

மத்தியானம் சாப்பாடு, மரச்சீனியும் மீன்கறியும் நம்ம வீட்டுலயே உண்டு, கரிமீன் பொள்ளிச்சது கேளுங்க. ஏலக்கா, மிளகு அங்க வாங்காண்டாம், நம்ம ஊர்லயே கிடைக்கும்.

ஸ்டெப் 8: திரும்புறது

சாயந்திரம் ஃபோர்ட் கொச்சி பீச்சுல சூரியன் விழுறத பாத்துட்டு எல்லாரும் ஒண்ணா ஜெட்டிக்கு வருவாங்க, லீவு நாள்னா வாட்டர் மெட்ரோ க்யூ நீளும், கொஞ்சம் முன்னாடியே வந்துருங்க. எறணாகுளத்துல மெரைன் டிரைவ்ல நடந்துட்டு, சாப்பிட்டுட்டு ஸ்டேஷன் போலாம்.

ரிட்டர்ன் டிக்கெட் போடும்போது ஒண்ணு. அதே குருவாயூர் ரயிலு திரும்பி எறணாகுளம் வரப்ப நடுராத்திரி 12 தாண்டிரும், அப்ப தேதி மாறிரும். நீங்க 10-ஆம் தேதி சுத்தினா டிக்கெட் 11-ஆம் தேதிக்கு போடணும். இவரு 10-ன்னு போட்டுட்டார். டிடிஆர் டிக்கெட்ட பாத்துட்டு "இந்த வண்டி நேத்தே போயாச்சே"ன்னு சிரிக்கார். அப்புறம் என்ன, ஓடிப்போய் ஜெனரல் டிக்கெட் எடுத்து, கழிவறை பக்கத்துல பேக்கு மேல உக்காந்து நாகர்கோவில் வந்தோம், இவரு கொல்லம் வரைக்கும் என் மூஞ்சியையே பாக்கல.