சுயபலத்தை விட்டுக் கர்த்தரைச் சார்ந்து நடப்பது எப்படி?

காலையில் கைப்பேசியைத் தொடுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்றைக்கு உங்களை மலைக்க வைக்கும் ஒரே ஒரு காரியத்தைக் கர்த்தரிடம் வையுங்கள். "என்னைப் பலப்படுத்தும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மனம் அலைபாயும். "இன்று அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வாய் வரமாட்டேன் என்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு 2 கொரிந்தியர் 12:9-ஐ வாய்விட்டு வாசியுங்கள். தன்னை வாட்டிய ஒரு வேதனையை "முள்" என்று சொல்லி, அது நீங்க வேண்டிய பவுலுக்குக் கிடைத்தது முள் நீங்கும் என்ற பதில் அல்ல, கிருபை போதும் என்ற பதில்.

பகலில் நீண்ட ஜெபத்துக்கு நேரம் வாய்க்காது. நெகேமியா 2:4-ஐப் பாருங்கள்: "உனக்கு என்ன வேண்டும்" என்று ராஜா கேட்கிறார், பதில் சொல்லுமுன் அவருடைய பானபாத்திரக்காரரான நெகேமியா ஜெபித்துவிடுகிறார். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் நாட்கணக்கில் உபவாசித்து ஜெபித்தவருக்கே அது இயல்பாய் வந்தது. காலை ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு இதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: முடிவை நாமே எடுத்துவிட்டு, முத்திரை குத்த மட்டும் ஜெபிக்கிறோம். ஜெபித்தபின் மாற்ற மனமில்லாத திட்டம் என்றால் அது சுயபலம்தான். சோம்பலுக்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது இன்னொரு கோளாறு. நெகேமியா 4:9-ல் ஜெபமும் உண்டு, இரவுபகல் காவலும் உண்டு.

காரியம் கைகூடினால் அன்றிரவே நன்றி சொல்லுங்கள். போருக்குப் போன கிதியோனின் படையைக் கர்த்தர் 32,000 பேரிலிருந்து 300 ஆகக் குறைத்ததே (நியாயாதிபதிகள் 7), "என் கை என்னை ரட்சித்தது" என்று இஸ்ரவேல் பேசாதபடிக்குத்தான்.