செக் ரிட்டர்ன் ஆயிருச்சா? மொதல்ல கேலண்டர எடுங்க

சரக்கு வாங்குன பார்ட்டி குடுத்த செக் ரிட்டர்ன் ஆனா நம்மாளுங்க நெறைய பேர் நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் ஓடுறாங்க. அங்க போயி பிரயோஜனம் இல்லங்க, இதுக்கு எஃப்ஐஆர் போட மாட்டாங்க, நாமதான் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல கம்ப்ளெயின்ட் போடணும். நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட் 138வது பிரிவு, வக்கீலுங்க சுருக்கமா 138 கேஸ்னு சொல்வாங்க. குத்தம் நிரூபணம் ஆனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா செக் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் ஃபைன், சில சமயம் ரெண்டும் சேந்தே. கேக்க பலமாத்தான் இருக்கு, ஆனா தேதிய கோட்ட விட்டா எல்லாம் போச்சு.

செக்ல போட்ட தேதில இருந்து மூணு மாசத்துக்குள்ள பேங்க்ல போட்டிருக்கணும். ரிட்டர்ன் ஆனா பேங்க்ல ஒரு மெமோ தருவாங்க, அத கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, மொபைல்ல வர்ற எஸ்எம்எஸ்ஸ மட்டும் நம்பி உக்காராதீங்க. மெமோல "பணம் இல்ல"ன்னுதான் இருக்கணும்னு அவசியம் இல்ல, அக்கவுன்ட் க்ளோஸ்டு, ஸ்டாப் பேமென்ட், கையெழுத்து ஒத்துப்போகலன்னு வந்தாலும் கேஸ் போடலாம்.

இப்பதான் கணக்கு ஆரம்பிக்குது. செக் திரும்பிருச்சுன்னு பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளைக்குள்ள, பணத்தக் கட்டச் சொல்லி செக் குடுத்தவருக்கு எழுத்துல நோட்டீஸ் அனுப்பியாகணும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதுல இருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் டைம். அதுலயும் கட்டலன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல போடணும். உதாரணத்துக்கு மார்ச் 3 மெமோ வந்துச்சுன்னு வைங்க, ஏப்ரல் 2க்குள்ள நோட்டீஸ் போகணும், அது ஏப்ரல் 8 அவர் கைக்குப் போச்சுன்னா 23 வரைக்கும் அவரோட டைம், அதுக்கப்புறம் மே 23க்குள்ள கேஸ் போட்டுட்டா ஒருத்தனும் தேதிய வச்சு வாதம் பண்ண முடியாது. ஆத்திரத்துல அந்த 15 நாள் முடியறதுக்கு முன்னாடியே போட்டா அந்த கம்ப்ளெயின்ட் செல்லாது, இது உச்ச நீதிமன்றம் 2014லயே சொன்னது.

கேஸ் போட லேட் ஆனா சரியான காரணம் சொல்லி கோர்ட்ல மன்னிப்பு கேக்க வழி இருக்கு. நோட்டீஸ் லேட் ஆனா அந்த வழி கெடையாது. "அடுத்த வாரம் தந்துர்றேன்ணே, கேஸ்லாம் எதுக்கு"ன்னு அவர் இழுக்குறது பாதி நேரம் இந்த 30 நாள ஓட்டத்தான். அப்படி ஓடிப்போச்சுன்னாலும் செக் இன்னும் அந்த மூணு மாசத்துக்குள்ள இருந்தா திரும்ப பேங்க்ல போடுங்க, திரும்ப ரிட்டர்ன் ஆனா புது மெமோல இருந்து புதுசா 30 நாள் கெடைக்கும், 2012ல உச்ச நீதிமன்றத்துல எம்எஸ்ஆர் லெதர்ஸ் கேஸ்ல இது உறுதியாச்சு.

நோட்டீஸ்ல எழுதுற தொகை ரொம்ப முக்கியம். செக்ல என்ன தொகையோ அதையே கேக்கணும், ஒரு ரூபா கூட குறைய வேணாம். வட்டி, வக்கீல் ஃபீஸ் கேக்கணும்னா தனி வரியா எழுதுங்க, எல்லாத்தையும் கூட்டி ஒரே தொகையா போடாதீங்க. 2025ல ஒரு கேஸ்ல ஒரு கோடி செக்குக்கு நோட்டீஸ்ல ரெண்டு கோடின்னு அடிச்சுட்டாங்க, டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிப் பாத்தும் உச்ச நீதிமன்றம் கேக்கல, கேஸே நிக்கல. அதனால வக்கீல் ஆஃபீஸ்ல அடிச்சுத் தந்தாலும் செக்கப் பக்கத்துல வச்சு நீங்களே ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க.

நடுவுல கொஞ்சம் பணம் வந்திருந்தா இன்னும் ஜாக்கிரதை. அஞ்சு லட்சத்துக்கு செக் வாங்கி வச்சிருக்கீங்க, அப்புறம் அவர் ஜிபேல ரெண்டு லட்சம் போட்டுட்டாரு, அப்பவும் நீங்க அந்த அஞ்சு லட்சம் செக்கையே போட்டு ரிட்டர்ன் ஆக்கினா 138 வராது. ஒண்ணு, வந்த பணத்த செக்லயே குறிச்சு மீதிக்கு போடணும், இல்ல பழச திருப்பிக் குடுத்துட்டு மூணு லட்சத்துக்கு புது செக் வாங்கணும். ரெண்டாவதுதான் தொல்லை இல்லாதது.

நோட்டீஸ அக்னாலெட்ஜ்மென்ட்டோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ட்ராக்கிங்கையும் பிரின்ட் எடுத்து வைங்க. சரியான அட்ரஸா இருந்தா, வேணும்னே வாங்காம கதவப் பூட்டிட்டுப் போனாலும் சேந்ததாத்தான் எடுத்துப்பாங்க. கம்பெனி செக்கா இருந்தா கம்பெனி பேருக்கு கண்டிப்பா போகணும், கையெழுத்துப் போட்டவருக்கும் அனுப்பிடுறது நல்லது.

கோர்ட்ல அவர் சொல்லப் போறது அநேகமா ஒண்ணேதான், "அது சும்மா செக்யூரிட்டிக்கு குடுத்தது, நான் எதுவும் எழுதல". கையெழுத்து அவரோடதுன்னா கடனுக்குத்தான் குடுத்தாருன்னு சட்டமே மொதல்ல நம்ம பக்கம் நிக்கும், இல்லன்னு காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. அதுக்காக வெறுங்கையோட போகாதீங்க, இன்வாய்ஸ், டெலிவரி சலான், லெட்ஜர், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் வேணும். பில்லே போடாம வியாபாரம் பண்றவங்க குறுக்கு விசாரணைல படுற பாடு இருக்கே!

உங்க அக்கவுன்ட்ல கலெக்‌ஷனுக்குப் போட்ட செக்னா உங்க பேங்க் பிராஞ்ச் இருக்குற ஊர் கோர்ட்லயே கேஸ் போடலாம், பார்ட்டி சூரத்ல இருந்தாலும் அங்க அலைய வேணாம். கேஸ் நடக்கும்போதே செக் தொகைல 20 சதவீதம் வரைக்கும் இடைக்கால இழப்பீடு கேக்கலாம், 2018ல வந்த திருத்தம், ஆனா தர்றதும் தராததும் கோர்ட் முடிவு.

நெறைய கேஸ் கடைசில சமரசத்துலதான் முடியுது, சட்டமும் அதுக்கு எடம் குடுக்குது. பேசி முடிச்சா தொகை, தேதி எல்லாத்தையும் எழுதி கோர்ட்ல ரெக்கார்ட் பண்ணுங்க, பணம் அக்கவுன்ட்ல ஏறுன பிறகு மட்டும் வாபஸ் வாங்குங்க, மறுபடி ஒரு செக்க கைல வாங்கிட்டு கேஸ விட்டுக்குடுக்காதீங்க.

எல்லாத் தேதியும் போயிருச்சுன்னா 138 மட்டும்தான் போச்சு, பணம் போகல. கடன் பாக்கி விழுந்து மூணு வருஷத்துக்குள்ள சிவில் கோர்ட்ல பண வசூல் வழக்கு போடலாம். கோர்ட் ஃபீஸ் கட்டணும், டைம் எடுக்கும், ஆனா வழி இருக்கு.