மாமா தந்த கடனும் ஆடிட்டர் கையெழுத்தும்
நான் இயக்குநராக உள்ள பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அப்பாவும் தாய்மாமாவும் வங்கி வழியாகவே கடன் தந்தார்கள். ஆனாலும் ஆடிட்டர் கம்பெனிக் கணக்கில் கையெழுத்திடவில்லை. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் காட்டியும் பலனில்லை. சரி, மாமா எனக்குத் தந்து நான் கம்பெனிக்குத் தரலாமா என்றால், இயக்குநர் தருவது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாதாம்.

விஷயம் இதுதான்: 2013 கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் பெற்றோர், உடன்பிறந்தோர், மகளின் கணவர்கூட உண்டு. தாய்மாமா கிடையாது! அதனால் அவர் பணம், உறவினர் கடனாக இல்லாமல், சட்டம் கட்டுப்படுத்தும் 'டெபாசிட்' (வெளியாரிடம் வாங்கும் வைப்புத்தொகை) ஆகிவிடுகிறது.

அப்பாவிடம், கடன் வாங்கித் தந்ததல்ல என்று எழுதி வாங்கினோம். மாமாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சிறப்புத் தீர்மானம் போட்டு, தனி வங்கிக் கணக்கில் பங்குத்தொகையாகப் பெற்றோம். பங்கு ஒதுக்கியதை அரசுக்குத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவம் தாக்கலாகும் வரை அதைத் தொடக் கூடாது. அப்புறம்தான் கையெழுத்து விழுந்தது, பெரிய நிம்மதி.