தங்கை வங்கி வேலையை விட்டபோது நான் கற்றது

நெருங்கியவர் நாம் நினைத்தே பார்க்காத முடிவைச் சொன்னால், அன்றே கருத்து சொல்லாதீர்கள். "சரி, கேட்டுக்கிட்டேன். நாளைக்குப் பேசலாமா?" போதும். அன்று வாயிலிருந்து விழும் சொல் வருடக்கணக்கில் நிற்கும்.

பிறகு உங்கள் பயத்தைப் பிரித்துப் பாருங்கள். என் தங்கை வங்கி வேலையை விட்டு மரவேலை கற்கப் போனபோது ஒரு தாளில் எழுதினேன்: வருமானம், மருத்துவக் காப்பீடு, சொந்தக்காரர்களின் கேள்வி, அவளுக்காக நான் கண்ட கனவு. முதல் இரண்டை மட்டும்தான் அவளிடம் கேட்கலாம். மற்றவை என் பாடு.

கேட்கும்போது "ஏன்?" வேண்டாம், விசாரணை போல இருக்கும். "அங்க உன் நாள் எப்படிப் போகுது?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதும் அவள் மரம் சீவும் இழைப்புளியைக் கையில் எடுத்து, மரத்தின் இழை ஓடும் பக்கமாகத்தான் தள்ள வேண்டும், எதிராகத் தள்ளினால் சிராய் பெயர்ந்துவிடும் என்று காட்டினாள். காப்பீட்டை முன்பே தனியாக எடுத்துவிட்டாள் என்பதும் அந்தப் பேச்சில்தான் தெரிந்தது.

வருத்தம் இருந்தால் நண்பரிடம் கொட்டுங்கள், முடிவெடுத்தவரிடம் வேண்டாம். உறவினர்கள் கிண்டினால், அவர் இல்லாத இடத்திலும் அவர் பக்கமே நில்லுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

யாராவது மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ எடுக்கவைத்த முடிவு என்று தெரிந்தால் மட்டும் பொறுமை வேண்டாம், உடனே குறுக்கிடுங்கள்.