ஆர்டர் கொடுத்த கிட்டார் வரவே இல்லையா? முதலில் மரத்தைக் கேளுங்கள்

எட்டு மாதத்தில் தருவதாகச் சொன்ன கிட்டார் இருபத்தொரு மாதம் கழித்துத்தான் சேலம் வந்து சேர்ந்தது. நடுவில் நான் சரியாகச் செய்தவை சில, முதல் மாதமே செய்திருக்க வேண்டியவை பல. பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பில்டரின் (கிட்டாரைக் கையால் செய்து தருபவரின்) வாட்ஸ்அப் 'லாஸ்ட் சீன்' பார்த்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடப்பவர்களுக்காக எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

தாமதம் இரண்டு வகை. மரத்தால் வருவது ஒன்று, பணத்தால் வருவது இன்னொன்று. உங்களுடையது எது என்று தெரியாமல் கோபப்படவும் முடியாது, பொறுமையாக இருக்கவும் முடியாது.

மரத்தால் வரும் தாமதத்தில் நியாயம் இருக்கிறது. கிட்டாருக்கான பலகையில் ஈரப்பதம் ஆறிலிருந்து எட்டு சதவீதத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். நெக் (இடது கையால் பிடிக்கும் நீண்ட கழுத்து) மரத்தை ஓரளவு இழைத்ததும் அது எந்தப் பக்கம் வளையப்போகிறது என்று பார்க்கச் சில வாரங்கள் சும்மா வைப்பார்கள். டாப் என்கிற முன் பலகைக்கு உள்ளே பிரேஸிங் (தாங்கும் மரக் குச்சிகள்) ஒட்டும் நாளில் அறையின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பின்னால் வறண்ட ஊருக்கு வந்ததும் பலகை சுருங்கி வெடிக்கும். மேல்பூச்சான நைட்ரோ லாக்கரை மழைநாளில் அடித்தால் பால் ஊற்றியதுபோல வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல நாளில் அடித்தாலும் அது இறுகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் "மழை விடட்டும், அப்புறம் ஃபினிஷ் அடிக்கிறேன்" என்று அவர் சொன்னால் தாராளமாக நம்புங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் மாதங்களில் மர ஜன்னல் எப்படி இறுகிக்கொள்கிறது என்று தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

பணத்தால் வரும் தாமதம் வேறு மாதிரி. உங்கள் அட்வான்ஸில் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் கிட்டார் முடிகிறது, உங்களுடையதைத் தொடங்க இன்னொருவரின் அட்வான்ஸ் வர வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா. நான் பத்து நிமிஷம் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "உன் மரத்தக் கண்ணால பாத்தியா? எங்க தொழில்ல வெள்ளிய எடை போட்டு, பேரெழுதி வெச்சாத்தாங் கண்ணு ஆர்டரு. அதுவரைக்கும் அது வெறும் பேச்சு." நான் பார்த்திருக்கவில்லை. எது என் மரம் என்றே எனக்குத் தெரியாது.

அதனால் முதல் வேலை, உங்கள் மரத்தின் படத்தைக் கேட்டு வாங்குவது. பொத்தாம்பொதுவாக "போட்டோ அனுப்புங்க" என்று கேட்காதீர்கள். டாப், பின் பலகை, பக்கப் பலகைகள், நெக் ஆகியவற்றின் மேல் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வைத்து எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். வந்ததும் பெரிதாக்கி ரேகைகளைப் பாருங்கள். இரண்டு பலகையின் ரேகை ஒன்றுபோல இருக்காது, கைரேகை மாதிரிதான். எனக்கு வந்த ரோஸ்வுட் பின் பலகையில், இடுப்பு வளைவுக்குச் சற்று மேலே மிளகு அளவில் ஒரு கறுப்புக் கணு இருந்தது. ஆடியில் வந்த படத்தில் அந்தக் கணு, பக்கத்தில் பாதி குடித்த டீ கிளாஸ். கார்த்திகையில் "இன்னைக்கு எடுத்தது" என்று வந்த படத்திலும் அதே கணு, அதே டீ கிளாஸ், அதே அளவு டீ. நாலு மாதமாக யாரும் அந்தப் பலகையைத் தொடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சீட்டில் தேதி எழுதச் சொல்லியிருந்தால் பழைய படத்தையே திரும்ப அனுப்பியிருக்க முடியாது.

காரணம் சொன்னால் அதையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். "ரோஸ்வுட்டுக்கு சைட்டிஸ் பர்மிட் வரல" என்று எனக்கு ஒரு முறை பதில் வந்தது. சைட்டிஸ் என்பது அழியும் ஆபத்துள்ள மரங்கள், விலங்குகளின் நாட்டு எல்லை தாண்டும் வணிகத்துக்கான ஒப்பந்தம். 2017 ஜனவரியில், ஏற்கெனவே முதல் பட்டியலில் இருந்த பிரேசில் ரோஸ்வுட் தவிர, ரோஸ்வுட் இனங்கள் மொத்தமும் அதன் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன, 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கும் கிடைத்தது. நம் நாட்டு ரோஸ்வுட்டான ஈட்டி மரத்தில் இங்கேயே செய்து இங்கேயே விற்கும் கிட்டாருக்கு அந்தப் பர்மிட்டே தேவையில்லை. ஈட்டி மரம் வெட்ட, எடுத்துப்போக நம் ஊரில் தனிக் கட்டுப்பாடுகள் இருந்திருக்கின்றன, ஆனால் அது மரம் வாங்கும்போது முடிந்துபோக வேண்டிய விஷயம். டாப்புக்கான ஸ்ப்ரூஸ் மரப் பலகையும் கம்பியை முறுக்கும் டியூனிங் கீகளும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கஸ்டம்ஸில் நிற்கின்றன என்றால் அது நடக்கக்கூடியதுதான். பில்லையோ டிராக்கிங் எண்ணையோ கேளுங்கள். உண்மையாக இருந்தால் அனுப்புவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. தினமும் "என்னண்ணா ஆச்சு" என்று அனுப்பினால் நாலாம் நாள் படிக்காமலே விட்டுவிடுவார். கையால் வேலை செய்கிற மனிதர், பிசினும் தூசியுமாக இருக்கும் கையோடு போனை எடுக்கவும் முடியாது. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு மட்டும் எழுதுங்கள். நான் கடைசியில் இப்படித்தான் எழுத ஆரம்பித்தேன்: "அண்ணா வணக்கம். மார்ச்சில் கொடுத்த ரோஸ்வுட் ஆர்டர் விஷயமாக எழுதுகிறேன். போன மாதம் பக்கப் பலகை வளைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். முடிந்திருந்தால் தேதிச் சீட்டோடு ஒரு படம், முடியவில்லை என்றால் எந்த வாரம் முடியும் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்." மரியாதையும் குறையவில்லை, தப்பிக்க வழியும் இல்லை. போனில் பேசினால், பேசி முடித்ததும் "இன்று பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் உங்களுக்கு இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான்.

நீங்களும் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும், நடுவில் எதையும் மாற்றாதீர்கள். நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) அகலத்தை 43 மில்லிமீட்டரிலிருந்து 44.5 ஆக்கலாமா என்று நான் ஆறாவது மாதம் கேட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஆனால் நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகையான ஃப்ரெட்போர்டு புதிதாக வெட்ட வேண்டும், இழைத்து வைத்த நெக் பயன்படாது, கம்பிகளின் இடைவெளியும் மாறும். அந்தத் தாமதத்தில் இரண்டு மாதம் என் கணக்கில்தான் சேரும், அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

பணத்தில் மட்டும் இளகாதீர்கள். "பிக்கப் வாங்கணும், இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டால் அந்தப் பிக்கப்பை (கம்பியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பாகம்) நீங்களே வாங்கி அவர் முகவரிக்கு அனுப்புங்கள். மிச்சப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரை அவருக்கு முடிக்க ஒரு காரணம் இருக்கிறது. யூபிஐயில் நீங்களாக அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தராது, கிரெடிட் கார்டு என்றால் புகார் சொல்லவாவது வழி உண்டு, ஆனால் அதற்குக் கால வரம்பு இருக்கிறது. உடனே வங்கியைக் கேளுங்கள்.

முடிந்தால் ஒரு முறை நேரில் போய்விடுங்கள். நான் பதினாலாவது மாதம் சேலத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தேன். பட்டறைச் சுவரில் நெக் மரங்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர். என் பெயரும் இருந்தது. விரலால் தேய்த்தேன், தூசிக்கு அடியில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சண்டை போடத் தோன்றவில்லை. உதவிக்கு இருந்த பையன் போய்விட்டதையும் கையில் பதினோரு ஆர்டர் நிற்பதையும் அவரே சொன்னார். அங்கேயே ஒரு தாளில் எந்த மாதம் எது முடியும், கடைசித் தேதி எது, தவறினால் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளுக்கு அப்புறம் ஏழு மாதத்தில் கிட்டார் வந்தது.

சரி, எழுதிக் கொடுத்த தேதியும் தாண்டிவிட்டது, பதிலே இல்லை என்றால்? பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பில்டர் எந்த ஊரில் இருந்தாலும் சேலத்திலேயே முடியும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், "அவர் தருவார், தருவார்" என்று காத்திருந்தே அந்த இரண்டு வருஷத்தைத் தாண்டவிடாதீர்கள்.

கிட்டார் தயார் என்று செய்தி வந்தால் சந்தோஷத்தில் உடனே மிச்சத்தை அனுப்பாமல் வீடியோ காலில் பாருங்கள். உங்கள் பலகையின் அடையாளம் இருக்கிறதா, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சத்தம் சுத்தமாக வருகிறதா, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பார்சல் வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் அறையில் வையுங்கள், மரம் ஊர்க் காற்றுக்குப் பழகட்டும். திறக்கும்போது முழுசாக வீடியோ எடுங்கள். மாசி, பங்குனியில் வந்தால் பெட்டிக்குள் ஈரப்பதம் தரும் பாக்கெட் ஒன்றைப் போடுங்கள். ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் மேலே போய் இரண்டு நாள் கழித்து, கம்பி உயரமான ஆக்‌ஷனை இன்னொரு முறை அளந்துவிட்டு, அதற்கப்புறம் தேவைப்பட்டால் மட்டும் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் தொடுங்கள்.