ஆன்லைனில் வாங்கிய கியர் சைக்கிளை வீட்டிலேயே மாட்டுவது எப்படி?

ஆன்லைனில் வாங்கும் கியர் சைக்கிள் பெரும்பாலும் ‘85 சதவீதம் ஃபிட்டிங் முடிந்தது’ என்றுதான் வரும். பின் சக்கரம், செயின், கியர் எல்லாம் மாட்டியே இருக்கும். முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் மட்டும் உங்கள் வேலை. பெட்டியில் வரும் அலன் கீ போதும். பெடலுக்கு மட்டும் 15 எம்எம் ஸ்பேனர் ஒன்றும் கொஞ்சம் கிரீஸும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரம் மாட்டும் இரண்டு கால் கவையைப் பாருங்கள். பெட்டிக்குள் அடங்குவதற்காக அதைப் பின்பக்கம் திருப்பி வைத்து அனுப்புவது வழக்கம். அதைக் கவனிக்காமல் அப்படியே சக்கரத்தை மாட்டி ஓட்டும் பிள்ளைகளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஃபோர்க் திரும்பியிருந்தால் முன் சக்கரம் பெடலுக்கு நெருங்கி வந்துவிடும். வளைவில் திரும்பும்போது கால் டயரில் இடிக்கும். டிஸ்க் பிரேக் வண்டியில் அடையாளம் சுலபம். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் முன் டிஸ்க் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும், காலிப்பர் (பிரேக் பேடுகள் இருக்கும் பகுதி) ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

சக்கரத்தை மாட்டும்போது டிஸ்க் தகடு இரண்டு பிரேக் பேடுகளுக்கும் நடுவே நுழைய வேண்டும். கிரீஸ் கையால் தகட்டைத் தொடாதீர்கள், பிரேக் பிடிக்காது. டயரில் அம்புக்குறி இருந்தால் அதுதான் சுழலும் திசை.

சீட் தண்டில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். நழுவினால் இன்னும் முறுக்க வேண்டும்.

இனி பெடல். இதில் அவசரமே வேண்டாம். அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். ஆர் வலப்பக்கம், வழக்கமான சுற்று. எல் இடப்பக்கம், அதற்கு மரை எதிர்ச்சுற்று. குழப்பமாக இருந்தால் ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி முன் சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். எந்தப் பக்கப் பெடலானாலும் அப்படித்தான் இறுகும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு இறங்காததை ஸ்பேனர் போட்டு இறக்கினால் கிராங்கின் (பெடல் மாட்டும் தண்டின்) மரை அறுந்துவிடும், அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டில் பிஎஸ்ஐ கணக்கில் அச்சாகியிருக்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்துப் பகுதியில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அங்கே லூஸ் இருக்கிறது, ஓட்டாதீர்கள்.

சக்கரம் சுற்றும்போது ‘ஸ்ஸ்’ என்று உரசுகிறதா? காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்தி, பிரேக் லிவரை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி முறுக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே உரசல் நின்றுவிடும்.

பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏற மறுத்தால், பின் கியரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராக அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். செயின் அந்தப் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் விழுந்தால் மட்டும் மேற்கொண்டு மிதிக்காமல் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.